எண்ணும் பெயரும்

2025 ஏப்ரலில் ‘பூலே’ இந்திப் படம் திரைக்கு வருமுன், தணிக்கை வாரியம் கேட்ட மாற்றங்களின் பட்டியல் பத்திரிகைகளில் வெளியானது. சாதிக்கு எதிராகப் போராடிய ஜோதிராவ் பூலே, அவர் மனைவி சாவித்ரிபாய் இருவரின் வாழ்க்கையை வைத்து அனந்த் மகாதேவன் இயக்கிய படம் அது. பிரதீக் காந்தி ஜோதிராவாகவும் பத்ரலேகா சாவித்ரிபாயாகவும் நடித்திருந்தார்கள். பூலேயின் பிறந்தநாளான ஏப்ரல் 11 அன்று வந்திருக்க வேண்டிய படம், சில பிராமண அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பிறகு ஏப்ரல் 25க்குத் தள்ளிப்போனது. ‘மகார்’, ‘மாங்’ என்ற சாதிப் பெயர்களும் பேஷ்வா ஆட்சியைக் குறிக்கும் ‘பேஷ்வாய்’ என்ற சொல்லும் கூடாது. மனுவின் சாதி ஏற்பாடு என்று சொல்லக் கூடாது. தீண்டப்படாதவர்களை இடுப்பில் துடைப்பம் கட்டிக்கொண்டு நடக்கவைத்ததைப் பேசும் வசனம் மாற வேண்டும். மூவாயிரம் ஆண்டு அடிமைத்தனம் என்று வருமிடத்தில் ‘பல ஆண்டு’ என்று இருக்க வேண்டும். பட்டியலில் இருந்தவற்றில் முக்கியமானவை இவை.

கடைசியில் சொன்ன மாற்றம் பல நாள் மனதை விட்டு அகலவில்லை. மூவாயிரம் என்பது சரியான கணக்குதானா என்று வரலாற்று ஆசிரியர்கள் வாதிடலாம், வாதிடட்டும். எண் ஒன்று இருந்தால்தான் வாதமே நடக்கும். எப்போது தொடங்கியது, யார் தொடங்கினார்கள், யாருடைய ஆட்சியில் இறுகியது என்ற கேள்விகளெல்லாம் எண்ணைத் தொடர்ந்து வருபவை. ‘பல ஆண்டு’ என்று சொல்லிவிட்டால் அடிமைத்தனம் என்பது பஞ்சம், வெள்ளம் போல யாரும் செய்யாமல் வந்து போன துயரமாகிவிடுகிறது. துயரத்துக்கு அழலாம். அதன் மேல் வழக்குப் போட முடியாது.

பட்டியலில் இன்னொன்றும் இருந்ததாகச் செய்தி வந்தது. துடைப்பத்தோடு நடக்கும் மனிதனின் காட்சிக்குப் பதிலாக, சாவித்ரிபாய் மேல் சிறுவர்கள் சாணி உருண்டை எறியும் காட்சியை வைத்துக்கொள்ளலாமாம். இந்த மாற்றை எத்தனை பேர் நின்று கவனித்தார்கள் என்று தெரியாது. என் வரையில் முழுப் பட்டியலின் உட்பொருளும் இங்கேதான் இருக்கிறது. சாணி எறிவது சில சிறுவர்களின் கெட்ட புத்தி, வளர்ந்தால் திருந்திவிடுவார்கள். துடைப்பமோ ஓர் அரசின் ஏற்பாடு. தன் காலடித் தடத்தைத் தானே பெருக்கிக்கொண்டு போ என்று ஒரு மனிதனைப் பணித்த ஊர் ஒழுங்கு அது. வரலாற்றுப் படங்களில் கொடுமைக்குத் தடை இல்லை. ரத்தம், சவுக்கு, கதறல் எல்லாவற்றையும் தாராளமாகக் காட்டலாம். சவுக்கைப் பிடித்த கை யாருடையது, எந்தச் சட்டம் அதைக் கொடுத்தது, எத்தனை காலம் பிடித்திருந்தது என்று கேட்கத் தொடங்கும்போதுதான் கத்தரிக்கோல் வெளியே வருகிறது.

ஜோதிராவ் பூலே அடிமைத்தனத்தை அழுது தீர்க்கும் துயரமாகப் பார்த்தவர் அல்லர். 1873இல் அவர் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலை, கறுப்பின அடிமைகளை விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாம் திருத்தம் 1865இல் வந்தது. எட்டே ஆண்டில் புனேயின் கஞ்ச் பேட்டையில் உட்கார்ந்து ஒருவர் அதை நம் ஊர்ச் சூத்திரர், தீண்டப்படாதார் நிலையோடு பொருத்திப் பார்த்திருக்கிறார். நூல் முழுதும் ஜோதிபாவும் தோண்டிபாவும் பேசிக்கொள்ளும் உரையாடல். தோண்டிபா கேட்டுக்கொண்டே இருக்கிறான். யார், எப்போது, எந்தக் கதையைச் சொல்லி, எந்தச் சடங்கின் பெயரால் என்று. பூலே கட்டட ஒப்பந்தக்காரராகவும் இருந்தவர். பின்னால் எழுதிய ‘உழவனின் சாட்டை’யில் குடியானவனின் கடனையும் வரியையும் சடங்குச் செலவையும் அவர் விரித்துக்கொண்டே போகும்போது, கணக்குப் பார்த்துப் பழகிய மனம் அது என்பது தெரியும்.

அவருடைய பள்ளியில் படித்த முக்தா சால்வேயை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. மாங் சாதியில் பிறந்த பதினான்கு வயதுச் சிறுமி. 1855இல் ‘ஞானோதய’ என்ற பத்திரிகையில் அவள் எழுதிய கட்டுரை இரண்டு பகுதிகளாக வந்தது. பேஷ்வா பாஜிராவ் காலத்தில் மாங்கோ மகாரோ உடற்பயிற்சிக் கூடத்தின் முன்னால் நடந்து போனால் தலையை வெட்டிப் பந்தாடினார்கள் என்று எழுதுகிறாள். பெரிய கட்டடங்களின் அடித்தளத்தில் தன் மக்களைப் போட்டுப் புதைத்தார்கள் என்கிறாள். வேதத்தைப் படிக்கும் உரிமை எங்களுக்கு இல்லையென்றால் எங்கள் மதம்தான் என்ன, சொல்லுங்கள் என்று கேட்கிறாள். எழுத்தறிந்து சில வருடம்தான் ஆகியிருக்கும் அவளுக்கு. மாங், மகார் மக்களின் துக்கத்தைப் பற்றி என்பதுதான் கட்டுரையின் தலைப்பு. 2025இல் எந்த இரண்டு பெயர்கள் காதில் விழக் கூடாது என்று சொன்னார்களோ, அந்த இரண்டையும் தலைப்பிலேயே வைத்து 170 ஆண்டுகளுக்கு முன்னால் அச்சேற்றியிருக்கிறாள் ஒரு சிறுமி. அவளுக்கு அது வசைச்சொல்லாக இருக்கவில்லை. யார் மேல் அநியாயம் நடந்தது என்பதற்கான முகவரி அது.

பூலேயைப் பற்றிப் படம் வருவது புதிதும் இல்லை. ஆசார்ய அத்ரே 1954இலேயே ‘மகாத்மா பூலே’ எடுத்தார். சிறந்த மராத்திப் படம் என்று குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் அதற்குக் கிடைத்தது. நிலேஷ் ஜளம்கர் இயக்கிய ‘சத்யசோதக்’ 2024இல் வந்தது. இன்னும் பின்னால் போனால், 1933இல் கோலாப்பூரிலிருந்து புனேக்குக் குடிபெயர்ந்த பிரபாத் கம்பெனி இருக்கிறது. இன்றைய திரைப்படக் கல்லூரி அந்த ஸ்டூடியோ மண்ணில்தான் நிற்கிறது. 1935இல் சாந்தாராம் அங்கே ஏகநாதரைப் பற்றி ஒரு படம் எடுத்தார். தீண்டப்படாதவர் வீட்டில் உண்ட பிராமண ஞானியாக பால கந்தர்வா நடித்த அந்தப் படத்துக்கு ‘மகாத்மா’ என்று பெயர் வைத்தார்கள். எரவாடா சிறையில் புனே ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்றே ஆண்டு ஆகியிருந்த நேரம். காந்தியை நினைவுபடுத்துகிறது என்று பிரிட்டிஷ் தணிக்கை முரண்டுபிடித்தது. ‘தர்மாத்மா’ என்று பெயரை மாற்றிக்கொண்ட பிறகுதான் படம் வெளியே வந்தது. அன்றும் பெயர்தான் உறுத்தியது.

புனேக்குப் பக்கத்தில் நான் குடியிருக்கும் ஆகுர்டிக்கு இந்தக் கதைகளோடு ஒரு தொடர்பு உண்டு. ஸ்கூட்டர் தொழிற்சாலையாலும் அதைச் சுற்றி முளைத்த பட்டறைகளாலும் பெயர் பெற்ற ஊர். ஆனால் ஆனி மாதம் வந்தால் பண்டரிபுரம் நோக்கித் தேஹூவிலிருந்து கிளம்பும் ஞானி துக்காராமின் பால்கிக்கு, அதாவது பல்லக்கு ஊர்வலத்துக்கு, தேஹூவைத் தாண்டியதும் முதல் இரவுத் தங்கல் ஆகுர்டி விட்டல் கோயில்தான். மறுநாள் புனே நானா பேட்டை. அங்கிருந்து பூலேயின் வீடு பக்கம். பால்கி தங்கும் இரவு ஆகுர்டித் தெருக்களில் வார்கரிகள் என்ற அந்த நடைப்பயண பக்தர்கள் திண்டி திண்டியாக, குழுக் குழுவாகத் தங்கியிருப்பார்கள். வெடித்த பாதத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, எதிரே வரும் எவரையும் ‘மாவுலி’ என்று தாயாகவே அழைப்பார்கள். ஒருவர் காலில் மற்றவர் விழுவார்கள், வயதும் பார்ப்பதில்லை. சில மணி நேரத்துக்கு உலகம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். அதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பிரபாத்தின் ‘சந்த் துக்காராம்’ (1936) அந்த உணர்விலிருந்து பிறந்த படம். தாம்லேயும் பத்தேலாலும் இயக்கியது. பம்பாயில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. 1937 வெனிஸ் விழாவில் பாராட்டுப் பெற்றது. சூத்திரன் வேதப்பொருளைப் பாடலாமா என்று கேட்டு, துக்காராமின் பாட்டுகளை இந்திராயணி ஆற்றில் போடச் சொல்கிறார்கள். ஆறு அவற்றைத் திருப்பித் தருகிறது. நீதி தண்ணீரிலிருந்து வருகிறது. தீர்ப்புச் சொன்னவர்கள் மனம் மாறுகிறார்கள், அவர்களுடைய அதிகாரம் அப்படியே இருக்கிறது. ஆனால் இந்தப் படத்தில் ஜிஜாயி இருக்கிறாள், துக்காராமின் மனைவி. வீட்டில் தானியம் இல்லை, பிள்ளைக்கு நோவு. ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையில் செருப்போடு விட்டலன் சன்னதிக்குள் போகிறாள். பாண்டுரங்கனை அடித்தே தீர்வது என்று. கடைசியில் கணவனுக்காக வைகுண்ட விமானம் வந்து நிற்கும்போதும் அவள் ஏறுவதில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டுமே. இத்தனை ஆண்டு கழித்துப் பார்க்கும்போது அற்புதக் காட்சிகளெல்லாம் அட்டையில் செய்தவையாகத் தெரிகின்றன. செருப்பைப் பிடித்த அந்தக் கை மட்டும் நேற்றுப் படம்பிடித்தது போல இருக்கிறது. தெய்வத்திடமே கணக்குக் கேட்கப் போன கை அது.

பால்கி தங்கிய ஓர் இரவு, பக்கத்து வீட்டுப் பெரியவரோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே இங்கே வந்து லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பண்டரிபுரத்துப் படியில் நிறுத்தப்பட்ட மகார் ஞானி சோகாமேளாவைப் பற்றிப் பேச்சு வந்தது. உங்கள் பக்கம் அப்படி யாரும் உண்டா என்று கேட்டார். நந்தனார் கதையைச் சொன்னேன். ஆதனூர்ப் பண்ணையாள், சிதம்பரம் போக ஆசை, ஆண்டையான வேதியர் உத்தரவு தரவில்லை, நாற்பது வேலி நிலத்தை அறுத்துவிட்டுப் போ என்கிறார், இரவோடு இரவாகச் சிவபெருமானின் பூதகணங்கள் வந்து வேலையை முடித்துவிடுகின்றன, வேதியர் நந்தனார் காலில் விழுகிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், “அது சரி அண்ணா, அடுத்த போகம் அந்த நிலத்தை யார் அறுத்தாங்க?” என்றார்.

கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த 1935ஆம் ஆண்டுப் படத்தைப் பற்றி எழுதியவர்களெல்லாம் அவருக்குக் கொடுத்த ஒரு லட்சம் ரூபாயைச் சொல்வார்கள். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத அய்யர் என்பதைச் சொல்வார்கள். 1942இல் ஜெமினி எடுத்ததில் தண்டபாணி தேசிகரின் குரலைச் சொல்வார்கள். நானும் அந்தக் குரலுக்கு உருகியவன்தான். ஆனால் அந்தப் பெரியவரின் கேள்வியை யாரும் கேட்டு நான் வாசித்ததில்லை. நாற்பது வேலி என்றால் 260 ஏக்கருக்கும் மேல். அதை அறுக்க, கட்டுக் கட்ட, சுமக்க, களத்தில் அடிக்க, தூற்ற எத்தனை உடம்புகள், எத்தனை நாள்! கதைக்கு அந்த உழைப்பு கண்ணில் படாமல் மறைய வேண்டியிருக்கிறது. பூதகணம் வந்து மறைத்துவிடுகிறது. நந்தனார் தீயில் இறங்கி வேதியராக எழுந்து உள்ளே போகிறார். அவரோடு ஆதனூர்ச் சேரியில் இருந்தவர்கள் மறுநாள் காலையில் என்ன செய்தார்கள் என்று கேட்க, படத்தில் யாரும் மீதி இல்லை.

பெரியபுராணத்தில் இந்த வேதியர் கிடையாது. கோபாலகிருஷ்ண பாரதியார்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் அவரைக் கொண்டுவந்து சேர்த்தார். தஞ்சைப் பண்ணைகளைக் கண்ணால் கண்டவர் அவர். அந்த வகையில் அவர் செய்தது பெரிய காரியம். பக்திக் கதைக்குள் முதலாளியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பெரியபுராணத்திலோ அடிமைத்தனம் இன்னோர் இடத்தில், வழக்காகவே வருகிறது. புத்தூரில் சுந்தரரை ஒரு கிழப் பிராமணர் வந்து மறித்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். சுந்தரர் திகைக்கிறார். அந்தணன் அந்தணனுக்கு அடிமையாவது எங்கும் கேட்டறியாத செய்தி என்கிறார். ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. மூல ஓலை வருகிறது, கையெழுத்து ஒப்பிடப்படுகிறது, சபை தீர்ப்புச் சொல்கிறது. கேட்டவர் இறைவன் என்பதால் கதை இனிதாக முடிகிறது. ஆளோலை, சாட்சி, கையெழுத்துச் சோதனை, சபை என்று ஒரு முறையே நடைமுறையில் இருந்ததால்தான் சேக்கிழாரால் அந்தக் காட்சியை அவ்வளவு நுணுக்கமாக எழுத முடிந்தது. அந்தச் சபையில் யாருடைய திகைப்பு நியாயமாகத் தோன்றும், யாருடைய அடிமைத்தனத்துக்கு யாரும் திகைக்கவே மாட்டார்கள் என்பதையும் கதை நமக்குச் சொல்லிவிடுகிறது. தமிழில் ஒரு வரலாற்றுப் படத்துக்கு இதைவிடச் சிறந்த நீதிமன்றக் காட்சி வேண்டுமா?

அடிமைப்பட்டவர்களைக் கண்ணில் படாமல் மறைக்கும் இந்த நோய் மேற்குலகப் படங்களுக்கும் உண்டு. ‘அமேசிங் கிரேஸ்’ (2006) அடிமை வணிகத்தை எதிர்த்த வில்பர்ஃபோர்ஸின் மனசாட்சியைக் கொண்டாடுகிறது. பிரிட்டன் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டபோது அடிமைகளின் உடைமையாளர்களுக்கு இரண்டு கோடி பவுன் ஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு ஒன்றும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலப்பரப்பையும் இலங்கையையும் அந்தச் சட்டம் விலக்கி வைத்தது. ஸ்பீல்பர்க்கின் ‘லிங்கன்’ (2012) பதின்மூன்றாம் திருத்தத்துக்கு எப்படி ஓட்டுத் திரட்டினார்கள் என்று அற்புதமாகக் காட்டும் படம். அரசியலை இத்தனை பொறுமையாகக் காட்டிய படங்கள் குறைவு. ஆனால் அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, லிங்கனோடு நேருக்கு நேர் வாதாடிய ஃபிரெடரிக் டக்ளஸ் அதில் வருவதே இல்லை. விடுதலை பெறுபவர்கள் மாடத்தில் உட்கார்ந்து கண் கலங்குகிறார்கள்.

நம் ஊரில் நடந்தது இன்னும் சுருக்கம். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைகளை அழைத்து நீங்கள் விடுதலை பெற்றவர்கள் என்று சொல்லவில்லை. அடிமை மேல் சொத்துரிமை கோரினால் கம்பெனி நீதிமன்றங்கள் ஏற்காது, வரிபாக்கிக்காக அடிமையை ஏலம் விடக் கூடாது என்ற அளவில் நின்றுகொண்டது. அடிமையை வைத்திருப்பது, விற்பது, வாங்குவது குற்றம் என்று ஆனது 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில்தான். இடைப்பட்ட காலத்தில் தஞ்சாவூர்ப் பண்ணையாளிடம் போய், நீ நாளை முதல் அடிமை இல்லை என்று யாராவது சொன்னார்களா? எந்த மொழியில், எந்த முற்றத்தில் நின்று? விலங்கு உடையும் ஓசை இல்லாமல், கொடியேற்றம் இல்லாமல், செய்தியே போய்ச் சேராமல் வந்த விடுதலை அது. அதைத் தமிழ்ப் படம் எதிலும் பார்த்த நினைவு எனக்கில்லை.

ஸ்டீவ் மக்வீனின் ‘12 இயர்ஸ் எ ஸ்லேவ்’ (2013) ஏன் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது? சாலமன் நார்த்தப் தானே 1853இல் எழுதிய நூல் அதன் அடிப்படை. யார் விற்றார், யார் வாங்கினார், என்ன விலை, எந்தத் தோட்டம் என்று பெயரும் எண்ணும் அடுக்கிய நூல். படத்தில் ஓர் இடம். சாலமனைத் தூக்கில் ஏற்றுகிறார்கள், பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். கால்விரல்கள் சேற்றைத் தொட்டும் தொடாமலும் இருக்க, கழுத்தில் கயிற்றோடு நிற்கிறார். கேமரா நகரவே நகராது. சற்று நேரத்தில் பின்னால் குடிசைகளிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து தங்கள் வேலையைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். ஒரு பெண் ஓடிவந்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டு ஓடுகிறாள். குழந்தைகள் விளையாடுகின்றன. மாடியில் எஜமானி நின்று பார்க்கிறாள். இசை கிடையாது. அந்த மரத்தடியில் நடப்பது ஒருவனின் குரூரம் மட்டுமில்லை, ஒரு நாள் வேலைத்திட்டத்தில் அதற்கும் இடம் உண்டு என்பது அந்தப் பின்புலத்தால் புரிகிறது. படம் முடியும்போது எழுத்தில் இன்னொன்று சொல்கிறார்கள். கடத்தியவர்கள் தண்டிக்கப்படவில்லை, வாஷிங்டனில் கறுப்பர் ஒருவர் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்ல முடியாது. விடுதலை கிடைத்துவிட்டது, நீதி கிடைக்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்று சொன்ன படம் அது.

பாலாவின் ‘பரதேசி’ (2013) நமக்கு அப்படி ஆகியிருக்க வேண்டியது. பாதி தூரம் ஆகவும் ஆனது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்து, பின்னால் தொழிற்சங்கப் பணியிலும் இறங்கிய பி.எச். டேனியல் 1969இல் வெளியிட்ட ‘ரெட் டீ’ நாவலிலிருந்து கிளைத்த படம். இரா. முருகவேளின் தமிழாக்கத்தில் ‘எரியும் பனிக்காடு’. கங்காணி ஊருக்குள் வந்து முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பது, வருடக்கூலி வாங்க வரிசையில் நிற்கும்போது பிடித்தம் பிடித்தமாகப் போய்க் கைக்கு ஒன்றும் வராமல், கடன் மட்டும் வளர்ந்து நிற்பது, இவற்றைப் பார்த்தபோது ஆகுர்டிப் பெரியவர் சொன்ன கதைதான் என்று பட்டது. அவர் ஊரில் கங்காணிக்கு முகாதம் என்று பெயர், முன்பணத்துக்கு உசல் என்று பெயர். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால் ஒரு ‘கொய்தா’, அதாவது ஓர் அரிவாள். இரண்டு பேரை ஓர் அரிவாளாக எண்ணும் கணக்கு இன்றும் நடப்பில் இருக்கிறது.

‘பரதேசி’யின் முடிவில் நாயகன் ராசா பாறை மேல் உட்கார்ந்திருக்கிறான். புதிதாக வந்து இறங்கும் கூட்டத்தில் அவன் மனைவியும் குழந்தையும் நிற்கிறார்கள். அவளுக்கு மகிழ்ச்சி, தேடிவந்தவனைக் கண்டுபிடித்துவிட்டாள். அவனுக்கோ, தப்ப வேண்டியவர்களும் கணக்கேட்டில் ஏறிவிட்டார்கள். தமிழ் சினிமாவில் அடிமைத்தனத்தின் மிகக் கூர்மையான காட்சி இதுவே என்பேன். குடும்பம் சேர்வதே தண்டனையாகும் இடம் அது. ஆனால் பாலா இரண்டு இடத்தில் கையை விட்டுவிட்டார். நாவலில் கருப்பனும் வள்ளியும் தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர்கள், அதனாலேயே கங்காணி கையில் எளிதில் சிக்குபவர்கள். படத்து ஊரில் சாதி பெயரில்லாமல் கரைந்துபோகிறது. அடுத்தது படத்தில் வரும் மருத்துவர். நாவலைத் தந்த மனிதரின் சாயலில் வர வேண்டியவர், மதம் பரப்ப ஆடிப்பாடுகிறவராகக் குறுகிப்போனார். பார்த்ததை எழுதிவைத்து, சங்கம் கட்டிய ஒருவரை நம் திரை எப்படி நினைவு வைத்தது என்பதில் எனக்கு இன்றுவரை வருத்தம் உண்டு. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ (2024) மாயத்துக்குள் போகுமுன் தொடக்கத்தில் ஒன்றைச் சரியாகச் செய்கிறது. சொந்த நிலத்தில் விளைவித்த ஒரு குடும்பம் வரிப்பாக்கியால் நிலத்தை இழந்து பண்ணையடிமையாவதைக் காட்டுகிறது. அடிமையாக யாரும் பிறக்கவில்லை, ஏட்டில் எழுதித்தான் ஆக்கினார்கள் என்பது அங்கே தெரிகிறது.

பெயர் வேண்டும் என்று இவ்வளவு சொல்கிறவன், ‘ஜெய் பீம்’ (2021) தந்த சங்கடத்தையும் பேச வேண்டும். 1993இல் ராஜாக்கண்ணு காவலில் கொல்லப்பட்டதும், அன்று வழக்கறிஞராக இருந்த சந்துரு அவருடைய மனைவிக்காக வாதாடியதும் நடந்தவை. படத்தில் கொடுமை செய்த காவலர் வீட்டில் ஒரு சாதியின் அடையாளம் கொண்ட நாட்காட்டி தொங்கியது. எதிர்ப்பு வந்ததும் மாற்றினார்கள். உண்மை நிகழ்வில் அந்தக் காவலர் அந்தச் சாதி இல்லை. கொல்லப்பட்டவர் குறவர் சமூகத்தவர், படத்தில் இருளர். பெயரை மறைப்பது எப்படி அநீதியோ, பெயரை மாற்றி ஒட்டுவதும் அப்படியே. குற்றவாளி தப்புகிறார், பாதிக்கப்பட்டவர் தன் கதையையே இழக்கிறார். இதைச் சொல்வதால் படம் செய்த நன்மை குறையாது. இருளர் குடிசைகளின் நிலை லட்சக்கணக்கானவர்கள் கண்ணில் பட்டது அந்தப் படத்தால்தான்.

நீதிமன்றத்தில் வெற்றியோடு முடியும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் தஞ்சைப் பகுதியின் வெண்மணிக் கிராமம் நினைவுக்கு வருகிறது. 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம், தீ வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் அளவு வசதியானவர்கள் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. ஸ்ரீதர் ராஜனின் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ (1983) இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ வழியாக அந்த இரவை நெருங்கப் பார்த்தது. பாரதி கிருஷ்ணகுமாரின் ஆவணப்படம் நேரே போய் அதே ஊர் மக்களைப் பேசவைத்தது. அதற்கு ‘ராமையாவின் குடிசை’ என்று பெயர். எரிந்த குடிசை யாருடையது என்று அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

அந்த மக்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து பதினாறு ஆண்டு கழித்துக் கேட்ட அரைப்படி. அதை மையமாக வைத்து ஒரு படம் வர வேண்டும். தீயைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். அதற்கு முன் இரண்டு மணி நேரம் களத்துமேட்டில் நடக்கட்டும். கூலி அளந்த படி எது, யார் அளந்தது, தலைதட்டி அளந்தார்களா, நாளுக்கு எத்தனை படி வாங்கிக்கொண்டு எத்தனை மணி நேரம் வயலில் நின்றார்கள், முதலில் எழுந்து நின்று கூட்டிக் கேட்டவர் பெயர் என்ன, மறுத்தவர் பெயர் என்ன என்று.